இரண்டு தரம் செத்த சொப்ரானோ

துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கம்பனியில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தாவாக இருந்த ஞானசம்பந்தத்துக்குத் தலைமைக் குமாஸ்தா நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடுவே கப்பலில் வந்திறங்கியது ஓர் இத்தாலிய ஒப்பராக் கோஷ்டி. துரை ஒரு டிக்கற்றை நீட்டி, "தலைமைக் குமாஸ்தாவுக்கு ரசனை வேண்டும். திங்கட்கிழமை அபிப்பிராயம் சொல்" என்றுவிட்டார். தேயிலை விற்க ஒப்பரா எதற்கு என்று கேட்கும் வழக்கம் அந்தக் கம்பனியில் இல்லை.

ஞானசம்பந்தம் வெள்ளவத்தை வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓடினார். மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கும் பேர்னாட் அவருடைய பழைய கூட்டாளி.

"கவனமாக் கேளும், ஐசே. சொப்ரானோ எண்டால் உச்சத்தில பாடுற பொம்பிளை. டெனர், அவளைக் காதலிக்கிறவன். பாஸ், அடித்தொண்டையில பாடி அதைத் தடுக்கிறவன். அனேகமாத் தகப்பன்."

"ஆரியா?"

"மற்றவையெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிக்க, ஒராள் நெஞ்சைக் கொட்டுற பாட்டு. ஓவர்ச்சர், திரை திறக்க முதல் வாசிக்கிறது. பெரிய மனிசர் பிந்தி வந்து கதிரை தேடுற நேரம்."

"லிப்ரெட்டோ?"

"பாட்டுப் புத்தகம். தலைகீழாப் பிடிச்சிடாதையும்."

சனிக்கிழமை துரைக்குப் பின்வரிசையில் அமர்ந்தார். கடைசிக் காட்சியில் சொப்ரானோ விஷம் குடித்து, கால் மணி நேரம் சுருதி பிசகாமல் பாடிவிட்டுச் செத்தாள். ஞானசம்பந்தத்தின் தொண்டையோ கொட்டாஞ்சேனை நாடகக் கொட்டகைகளில் பழகியது. பாட்டு நன்றாயிருந்தால் அங்கே தலை வெட்டுப்பட்ட ராசாவும் எழும்பி மறுபடி பாடியாக வேண்டும்.

"ஒன்ஸ்மோர்!"

மண்டபமே திரும்பி அவரை முறைத்தது. துரையின் கழுத்து சிவந்தது. நாற்காலி கடலில் மிதந்து போவதை ஞானசம்பந்தம் கண்ணாரக் கண்டார்.

மேடையில் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. வாத்தியக்காரரின் தலைவரைப் பார்த்துத் தலையசைத்தது. எழும்பிப் பாவாடையைத் தட்டிவிட்டு, முன்னதிலும் உருக்கமாகப் பாடி, மறுபடி செத்தது. முறைத்தவர்களே முதலில் கைதட்டினார்கள். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டது என் குமாஸ்தா" என்று பக்கத்துச் சீமாட்டியிடம் பெருமைப்பட்டார். திங்கட்கிழமை அபிப்பிராயம் கேட்கவில்லை, நாற்காலியைக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கோஷ்டி கப்பலேறும் துறையில் ஞானசம்பந்தம் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு நின்றார். மேடையில் மலைபோல் தெரிந்தவள் கிட்டத்தில் குள்ளம். கழுத்தில் கம்பளித்துணி சுற்றியிருந்தாள். இத்தனை சொல் கற்றவர் நன்றிக்கு இத்தாலியச் சொல்லைப் பேர்னாட்டிடம் கேட்க மறந்திருந்தார். சீப்பை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார். கண் கலங்கியது.

அவள் ஒரு பழத்தை உரித்து அங்கேயே தின்று, சிரித்து, அவருடைய இரு கைகளையும் பற்றிக் குலுக்கினாள். படகு கப்பலைச் சேரும்வரை அவர் அசையவில்லை. தலைமைக் குமாஸ்தாவாக முதல் நாளே அரை மணித்தியாலம் பிந்திப் போனார்.