உள்ளிருந்து திறக்கும் கதவு

அக்கா அந்த வண்டியை எங்கள் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தபோது, விளக்குக் கம்பத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த நால்வரும் எழுந்து நான்கு பக்கமாக நடந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஓடினால் வம்பு என்று தெரிந்தவர்கள். ஒருவர் சுவரைப் படிப்பதுபோலப் பார்த்தபடி போனார். இன்னொருவர் வெறும் கையைக் காதில் வைத்து யாரோடோ பேசிக்கொண்டே போனார். வண்டி நின்று, கிரீஸ் படிந்த கால்சட்டையோடு அக்கா குதித்து இறங்கிய பிறகுதான் அவர்களில் ஒருவர் திரும்பி வந்து, விட்டுப்போன ஒற்றைச் செருப்பைத் தேடினார்.

"நீயாம்மா? ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சு."

"ஆட்டத்துல யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள் அக்கா.

"உன் வண்டிதான்" என்றார் அவர்.

காவல்துறை கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட வண்டி அது. உயரமும் அகலமுமாக, முகப்பில் முட்டித் தள்ளும் இடிகம்பியோடு நின்றது. பின்பக்கம் இரண்டு வரிசையாக ஆட்களும், கூரைமேல் மூட்டைகளும் ஏற்றலாம். அக்கா பட்டறை ஒன்றில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துவந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதை எடுத்திருந்தாள். அம்மா நடைபாதையில் குழந்தைகள் சட்டை விற்பவள். அம்மாவும் அவளோடு கடை போடும் பெண்களும் விடியும் முன்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மொத்தச் சந்தைக்கு ஒரு சரக்கு லாரியின் பின்னால் நின்றுகொண்டே போய்வந்தார்கள். மழை வந்தால் மூட்டைக்குக் குடை பிடித்துவிட்டு அவர்கள் நனைவார்கள். அந்தப் பெண்களை உட்காரவைத்துக் கூட்டிப்போவதுதான் அக்காவின் திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். அம்மா எதில் ஏறுகிறாளோ அதில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள். நடைபாதையில் அம்மாவுக்குப் பெயரே 'லீடர்'.

லீடர் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். படி இறங்கவில்லை.

"பாதி ஆயுசு இதுகிட்டருந்து ஓடியிருக்கேன். இப்போ என் வீட்டு அட்ரஸ கண்டுபிடிச்சு வந்திருச்சா?"

"பெயின்ட் மாத்திட்டா அடையாளமே தெரியாதும்மா."

"முதலைக்கு ரோஸ் கலர் அடிச்சா பல்லு போயிருமாடி?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம், "பல்ல ஒவ்வொண்ணா புடுங்குவோம்" என்றாள்.

நான் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவள். என் வேலை முடிந்ததும் நேராக பெயின்டர் அண்ணனின் கொட்டகைக்குப் போய்விடுவேன். அங்கேதான் வண்டியை நிறுத்தியிருந்தோம். அக்கா எனக்கு முன்பே வந்து, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடப்பாள். கால்கள் மட்டும் வெளியே தெரியும். சைரன், வயர்லெஸ், கூரை விளக்கு எல்லாவற்றையும் காவல்துறையே கழற்றிக்கொண்டுவிட்டது. ஆனால் அவற்றுக்குப் போன வயர்களை அப்படியே வெட்டி விட்டிருந்தார்கள். கூந்தல்போல அவள் அவற்றை இழுத்து இழுத்து வெளியே போட்டாள். எங்கேயோ தொடங்கி எங்கேயும் போய்ச்சேராத வயர்கள். ஒருவேளை இன்னமும் யாரோ எங்கோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்களோ, அந்தக் கட்டளை இந்த அறுந்த நுனிவரை வந்து திகைத்து நிற்கிறதோ என்றெல்லாம் எனக்குத் தோன்றும். "கனவு கண்டது போதும், டேப்ப எடு" என்பாள் அக்கா.

கூரையில் விளக்கு இருந்த இடத்தில் ஓட்டைகள். அவற்றைப் பற்றவைத்து அடைத்தோம். இடிகம்பியை அறுத்தோம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த எழுத்துகளை உரித்த பிறகும் எழுத்துகள் போகவில்லை. சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் வெளுத்திருந்தது, எழுத்துக்கு அடியில் இருந்தது மட்டும் புதிதாகவே இருந்தது. பெயின்டர் அண்ணன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே புலம்பினார்.

"தங்கச்சி, இந்த வண்டிகிட்ட வந்தாலே என் கை தானா பாக்கெட்ட தடவுது, லைசென்ஸ் தேடி."

"உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா அண்ணே?"

"இல்ல. அதான் தடவுது."

அக்கா வெளிர் மஞ்சள் வேண்டும் என்றாள். பள்ளிக்கூட வண்டி மாதிரி இருக்குமே என்றார் அவர். அதுதான் வேண்டும், எந்தத் தெருவில் போனாலும் ஒருவர்கூட எழுந்து போகக்கூடாது என்றாள் அக்கா.

முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே இரும்பு வலை இருந்தது. அதைக் கழற்றும் வேலை எனக்கு. மாலை வெயில் முன்கண்ணாடி வழியாக வந்து வலையில் விழுந்து, பின்னிருக்கை முழுக்கச் சின்னச் சின்னச் சாய்சதுரங்களாகக் கொட்டியது. என் கையிலும் விழுந்தது. அந்த வெளிச்சத்தை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்று தெரியாமலே சிறு வயதிலிருந்து எனக்குள் இருந்த வெளிச்சம் அது. ஏதோ கனவில் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கை, அதன்மேல் சாய்சதுரங்கள், அந்தக் கையில் துளித்துளியாக வியர்வை. அது அம்மாவின் கை.

அக்காவிடம் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ உனக்கு ரெண்டு வயசு. நடைபாதைய காலி பண்றோம்னு போலீஸ்காரங்க வந்தாங்க. அம்மாவ மூட்டையோட ஏத்தினாங்க, நீ மடியில. வெயில்ல வண்டிய நிறுத்திட்டு அவங்க சாப்பிடப் போயிட்டாங்க. கண்ணாடி ஏத்தி இருந்துச்சு. கதவுல உள்ள கைப்பிடியே இல்ல."

"அம்மா கத்தலயா?"

"கத்தினா நீ பயப்படுவேன்னு கத்தலயாம். ஒரே ஒரு தரம்தான் இத சொல்லியிருக்கா."

நாங்கள் இருவரும் பின்கதவைப் பார்த்தோம். உள்பக்கம் வழவழப்பான ஒரு தகரம் மட்டும். பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை. அந்த வண்டி இது இல்லை. இது அதற்குப் பல வருடம் கழித்து வந்தது. ஆனாலும் அதே தகரம்.

"இந்த வண்டிய வித்துரலாமா?" என்று கேட்டேன்.

"அம்மா ஏறணும்" என்றாள் அக்கா. "இதுலதான் ஏறணும்."

பின்னிருக்கை கழுவிவிட வசதியாக வார்த்த கடினமான பிளாஸ்டிக். அதைப் பெயர்த்தபோது அடியில் ஒரு கொண்டை ஊசியும் பாதிச் சீப்பும் ஒரு சிறிய வெள்ளைப் பொத்தானும் கிடைத்தன. பொத்தானை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் அதை விரலில் உருட்டிப் பார்த்தாள். "மூணு வயசுப் பிள்ளை சட்டை" என்றாள். பொத்தானைத் திருப்பித் தரவில்லை.

அதன்பிறகு அவளிடம் ஏதோ ஒன்று தளர்ந்தது. கொட்டகைக்கு வந்து நிறத்தைப் பார்த்தாள். நான் தைத்த இருக்கை உறையைக் கிள்ளிப் பார்த்து, தையல் நெருக்கமாக இருக்கிறது என்றாள். இதே ரக வண்டியிலிருந்து பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்த கதவுப் பலகைகளுக்கு நான் நீலத் துணி போர்த்தியிருந்தேன். தகரத்தை எடுத்துவிட்டு அவற்றைப் பொருத்தினேன். இரண்டு பின்கதவுகளிலும் உள்பக்கம் பளபளவென்று ஒரு கைப்பிடி. வேலை முடிந்த மதியம், அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, அம்மா பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா கதவை மெல்லச் சாத்தினாள். பெயின்டர் அண்ணன் கைதட்டினார்.

அம்மா கைப்பிடியை இழுத்தாள்.

கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி இழுத்தாள். கைப்பிடி நன்றாகவே அசைந்தது. கதவு அசையவில்லை. மூன்றாவது முறை அவள் இழுக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைத் தட்டவில்லை, எங்களைக் கூப்பிடவில்லை. மடியில் ஏதோ தூங்குவதுபோல, அது விழித்துவிடக்கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்தேன்.

அம்மா இறங்கினாள். உடையைச் சரிசெய்தாள். "கைப்பிடி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கம்பிய மாட்டலயா?"

"எந்தக் கம்பி?"

"கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவுல போற கம்பி! கைப்பிடிய நீதானே பொருத்தின?"

"கதவுக்குள்ள எல்லாம் நீதானே பாத்த? வயரெல்லாம் நீதானே விட்ட? நான் துணி வேல செய்றவ. நீ முடிச்சிட்டேன்னு நினைச்சு மூடிட்டேன்."

"நான் நீ மாட்டுவேன்னு விட்டுட்டேன்."

பலகையைக் கழற்றினோம். காவல்துறைப் பட்டறையில் அந்தக் கம்பியைப் பாதியில் அறுத்திருந்தார்கள். என் அழகான கைப்பிடி வெறும் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. மற்றக் கதவிலும் அப்படியே. இத்தனை நாளில் நாங்கள் இருவரும் பின்கதவை வெளியிலிருந்துதான் திறந்திருக்கிறோம். உள்ளே உட்கார்ந்து, சாத்தி, திறந்து பார்க்கவேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கைப்பிடியே இல்லாத கதவாவது உண்மையைச் சொல்லியிருந்தது. நாங்கள் அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது.

"அழுதுட்டே அந்தக் குறடு எடு" என்றாள் அக்கா.

பழைய இரும்புக் கடையில் ஒரு கதவுக்குத்தான் கம்பி கிடைத்தது. மற்றதை அக்காவே வளைத்தாள். முதலாவது குட்டையாகப் போனது. அடுத்தது நீளம், கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறந்துகொண்டது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வளைத்தாள். கதவு விளிம்பில் பிள்ளைப் பூட்டின் சிறிய நெம்பு இருந்தது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. அக்கா அதை அறுத்தே எறிந்தாள்.

"ஏம்மா, சின்னப் பிள்ளைங்க ஏறினா?" என்றார் பெயின்டர் அண்ணன்.

"பிள்ளைங்க நடுவுல உக்காரட்டும்."

பிறகு என்னை உள்ளே வைத்துச் சாத்தினாள். திறந்தேன். சாத்தினாள். திறந்தேன். பிறகு அவள் உள்ளே, நான் வெளியே. அந்தக் கொட்டகையில் மாலை முழுவதும் கதவுச் சத்தம்தான். பெயின்டர் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பலகையை மறுபடி மாட்டப்போனபோது என் கை நின்றது. இந்த நீலத் துணியை எத்தனை அழகாகப் போர்த்தினாலும் அம்மா நம்பப்போவதில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். கத்தரியை எடுத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் துணியை நீளமாக வெட்டினேன். அடியிலிருந்த அட்டையை அக்கா ரம்பத்தால் அறுத்தாள். மழை வந்தால் அம்மா சட்டைகள்மேல் விரிக்கும் கெட்டியான கண்ணாடித் தாளில் ஒரு துண்டை அந்த இடைவெளியில் வைத்துத் தைத்தேன். இப்போது கைப்பிடியிலிருந்து பூட்டுவரை கம்பி போவது தெளிவாகத் தெரிந்தது. உறையில் போட்ட புதுச் சட்டைபோல.

அம்மாவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. "வந்து பாரு. ஏற வேணாம், பாரு மட்டும்" என்றாள் அக்கா. அம்மா மூட்டைத் துணிகளை மடிக்கப் போனாள்.

மறுநாள் சந்தை நாள். லாரி வழக்கமாக நிற்கும் முனையில் அக்கா மஞ்சள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மடித்த மூட்டைத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். லாரியும் நின்றிருந்தது, அதன் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. ஒருத்தியும் எதிலும் ஏறவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா மஞ்சள் வண்டியின் பின்கதவைத் தானே திறந்தாள். குனிந்து கண்ணாடித் தாளுக்குள் பார்த்தாள். கைப்பிடியை இழுத்தாள், கம்பி நகர்ந்தது. விட்டாள், திரும்பியது. அந்தத் தாளை எங்கோ பார்த்த நினைவில் ஒருகணம் தடவினாள்.

"பூட்டியிருந்தா ஒரு தரம் இழுத்தா இந்தக் குமிழ் மேல வரும்மா" என்றாள் அக்கா, கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னக் கறுப்புக் குமிழைத் தொட்டுக்காட்டி. "ரெண்டாந்தரம் இழுத்தா கதவு திறக்கும்."

"அன்னைக்குக் கொட்டகையிலயும் இதத்தான் சொல்லியிருப்ப" என்றாள் அம்மா. ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள். "சாத்து. பூட்டு. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. யாரும் கதவத் தொடக்கூடாது. நானா வருவேன்."

அக்கா குமிழை அழுத்திவிட்டுச் சாத்தினாள். நாங்கள் இரண்டடி பின்னால் வந்தோம். தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இருய்யா, லீடர் உள்ள இருக்காங்க" என்றாள் நடைபாதையில் குடை விற்கும் பெண். "ஜாமீன் எடுத்து, மாலை போட்டு வெளிய கூட்டிட்டு வரணும்." யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணாடியில் விடியும் வானம் தெரிந்தது, அதற்குப் பின்னால் அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. குமிழ் மட்டும் தெரிந்தது. அது கீழேயே இருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

குமிழ் எழுந்தது.

கதவு திறக்கும் என்று காத்திருந்தோம். திறக்கவில்லை. உள்ளிருந்து ஒரு விரல் வந்து குமிழை மறுபடி கீழே அழுத்தியது. சற்றுப் பொறுத்து அது மறுபடி எழுந்தது. மறுபடி அமுங்கியது. அவசரமே இல்லாமல், தையல் சரியாக விழுகிறதா என்று பார்ப்பவள்போல, அம்மா உள்ளே உட்கார்ந்து பூட்டிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தாள். லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். குடை விற்கும் பெண் தோளிலிருந்த மூட்டைத் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, மஞ்சள் வண்டியின் பக்கமாக ஓரடி வந்தாள். சின்னக் கறுப்புக் குமிழ் மேலே வந்து, இம்முறை அப்படியே நின்றது.