முழங்கைக் காயம்

மசூர் தியத்தலாவையிலிருந்து ஊர் திரும்பிய அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனான். ஹவுழ்த் தொட்டியின் ஓரத்தில் குந்தி, சட்டைக் கையைச் சுருட்டி, தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கத் தண்ணீரில் கையை விட்டான். எதிர்ப்பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த கச்சிமுகம்மது மரைக்கார் அள்ளிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டார். மசூரின் இரண்டு முழங்கைகளிலும் கருஞ்சிவப்பாய்ப் பொருக்குக் கட்டியிருந்தது.

"என்ன மகன் இது?"

"தவழுற பயிற்சி, மரைக்கார். கல்லு நிலம்."

"எங்க தவழ்ந்த?"

"தியத்தலாவையில. கெடட் கேம்பில."

"ஓம், ஓம்," என்றார் மரைக்கார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் மசூருக்கு உறைத்தது.

1986 இல் கல்முனைப் பக்கத்தில் முழங்கையைச் சும்மா பார்ப்பவர் எவருமில்லை. சுற்றிவளைப்பு நடந்தால் படையினர் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி முதலில் சட்டைக் கையைத்தான் தூக்கச் சொல்வார்கள். ஆயுத இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் தவழ்ந்திருப்பான், தோல் உரிந்திருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. பிடிபட்டவனுக்காக முன்னே வந்து 'இவன் எங்கட புள்ள' என்று சொல்ல வேண்டியவர் அவனவன் குடியின் தலைவரான மரைக்கார். மசூரின் குடிக்குக் கச்சிமுகம்மதுதான் மரைக்கார்.

மசூர் உயர்தர வகுப்பு மாணவன், பாடசாலைக் கெடட் அணியின் சார்ஜன்ட். படையில் அதிகாரியாகச் சேர விரும்பும் மாணவர்களுக்குத் தியத்தலாவை இராணுவ முகாமில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்கு அவனுடைய பாடசாலையிலிருந்து அவன் ஒருவனே தெரிவாகியிருந்தான். கொழும்பில் நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம். சின்ன வயதிலிருந்து அவன் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் மருதமுனைத் தேநீர்க்கடையில் கதை வேறாக இருந்தது. "தியத்தலாவ எண்டு சொல்லிப்போட்டு இயக்கத்துக்கு வள்ளமேறினவனுகளும் இரிக்கானுகள்."

சாரன் துணி வியாபாரம் செய்யும் அவனுடைய வாப்பா பளீலின் காதிலும் அது விழுந்தது. "கை ஆறுமட்டும் வீட்டிலயே ஒழு எடுத்துட்டுப் போ," என்றார்.

அப்படியே செய்தான். அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கையை மறைக்கிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது.

ஹவுழுக்குப் போகாமல் நேரே தொழுகை வரிசைக்கு வருகிற இன்னொருவனையும் மசூர் அந்த நாட்களில்தான் கவனித்தான். அது றவூப், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, மசூரின் வகுப்புத் தோழன். இருவரும் ஒரே குடி. சாகாமத்தில் மாமாவின் வயல் காவலுக்குப் போயிருந்ததாகச் சொல்லிக்கொண்டு சமீபத்தில்தான் திரும்பியிருந்தான்.

"என்ன சார்ஜன்ட் ஐயா, நீங்களும் வீட்டிலயா ஒழு?"

"நீயுந்தானே."

"எங்கட கிணத்துத் தண்ணி குளிர்ச்சி."

"இந்தக் கச்சான் காத்து வெக்கைக்குள்ள முழுக்கைச் சட்டை எதுக்குடா?"

"மாப்பிள்ள பாக்க ஆள் வந்தா?" என்று றவூப் சிரித்தான். மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு காலை ஊர் சுற்றிவளைக்கப்பட்டது. இளைஞர்களைப் பாடசாலை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மரைக்கார்மார் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சட்டைக் கைகள் உயர்ந்தன. ஒரு சிப்பாய் மசூரை வெளியே இழுத்தான். சற்றுத் தள்ளி றவூபையும் இழுத்தான். றவூபின் முழங்கைகளிலும் அதே பொருக்கு, கொஞ்சம் பழையது.

இளவயதுக் கப்டன் ஒருவன் வந்தான். மசூர் விறைப்பாக நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் முகாமின் பெயரையும் தன் அணியின் பெயரையும் சொன்னான். தவழக் கற்றுக்கொடுத்தது யார் என்று கப்டன் கேட்டான். மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர்தான் மசூரின் வாயில் வந்தது. கப்டன் சிரித்துவிட்டான். அந்தக் கிழவன் தன்னையும் அதே கல்லில்தான் தவழவிட்டான் என்றான்.

பிறகு றவூபைக் காட்டி மரைக்காரைப் பார்த்தான்.

"பள்ளிக்கு வாற புள்ளதான்," என்றார் கச்சிமுகம்மது. "இடையில கொஞ்சநாள் காணல்ல."

சிப்பாய் றவூபின் கையை முதுகுப்புறம் மடக்கினான். றவூப் மசூரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் ஆளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று ஓர் அதிகாரி சொல்லக் கூடாது என்று முகாமில் படித்தது மசூருக்கு நினைவு வந்தது. றவூப் தன் ஆள்தானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்னுடைய அணி, சேர்," என்றான். "என்னோடு முகாமுக்கு வந்தவன்."

"அப்படியானால் நீயே கட்டளை கொடு. பார்ப்போம்."

றவூப் ஒன்பதாம் வகுப்பில் கெடட் அணிக்கு வந்தவன்தான். இடம் வலம் தெரியாமல் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, மாஸ்டரிடம் ஏச்சு வாங்கி, அந்த மாதமே விலகிப் போனவன்.

"அட்டென்ஷன்," என்றான். "எபவுட் டேர்ன்."

றவூப் திரும்பினான். குதிகால் ஒரே அடியாக நிலத்தில் இறங்கியது. தோள் அசையவில்லை. மசூரின் அணியில் அப்படித் திரும்பக்கூடியவன் ஒருவனும் இல்லை.

கப்டன் இருவரையும் தோளில் தட்டினான். நேர்முகப் பரீட்சைச் சபையில் தனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், ஒரே பாடசாலையிலிருந்து முகாமுக்கு வந்த இரண்டு நல்ல பையன்களைக் கண்டதாக அவருக்குச் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சபையிடமுள்ள முகாம் பட்டியலில் அந்தப் பாடசாலைக்கு ஒரு பெயர்தான் இருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது றவூப்தான் முதலில் பேசினான். "நல்லாக் கட்டள போடுறாய் மச்சான். எங்கட ஆளுக்குக்கூட இந்தக் குரலில்ல."

"எங்கட ஆளெண்டா ஆரு?"

றவூப் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினான். "சாகாமத்தில, மாமாட வயல்ல நிக்கிறவர்."

அந்த வாரம் முடியுமுன் றவூப் ஊரில் இல்லை. எங்கே என்று அவனுடைய உம்மாவிடம் மசூர் கேட்கவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் மசூர் மறுபடி ஹவுழில் வந்து குந்தினான். கச்சிமுகம்மது பக்கத்தில் இருந்தார்.

"கொழும்புக்கு எப்ப மகன் பயணம்?"

"போகல்ல, மரைக்கார்."

"ஏன்? இதுக்குத்தானே அந்தப் பாடுபட்ட?"

"கை இன்னும் ஆறல்ல."

மசூர் சட்டைக் கையைச் சுருட்டித் தண்ணீரை முழங்கைவரை வழியவிட்டான். பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் வெளுப்பாக மூடியிருந்தது. மரைக்கார் அதைப் பார்த்தார்.

"ஓம், ஓம்," என்றார்.