சாவியைத் திருப்பும் இடம்

சாயங்காலம் வீடு திரும்பும்போது முனியப்பன் கோயிலைத் தாண்டினால் எங்கள் வேனில் பேச்சு நின்றுவிடும். அதுவரை பதினெட்டுப் பெண்கள் போடும் கூச்சலில் குருமூர்த்தி அண்ணன் அடிக்கும் ஹாரன் அவருக்கே கேட்காது. கோயில் வந்ததும் அவர் ஒரு கையால் கும்பிடுவார். அதே கையால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பார். அங்கிருந்து அஞ்செட்டி வரை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறக்கம். வேன் தன் பாட்டுக்கு ஓடும். நாங்கள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம்.

டீசல் மிச்சம் பிடிக்கிறாராம்.

அண்ணனை வாயாரத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை, நல்ல மனிதர். ஓசூரில் நாங்கள் வேலை செய்யும் கம்பெனி அவருக்குக் கொடுக்கும் வண்டி வாடகை இரண்டு வருஷமாக அசையவே இல்லை. டீசல் அப்படியா இருக்கிறது? கர்நாடக எல்லை தாண்டினால் விலை குறைவு என்று அத்திப்பள்ளிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். அங்கேயும் விலையை ஏற்றினார்கள். அதற்கப்புறம்தான் இந்தச் சாவி வித்தை ஆரம்பித்தது.

நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எல்லப்பன் என்று ஒருவர் எங்கள் பக்கம் இன்னொரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்படியாகவில்லை என்று விற்றுவிட்டார். அதில் வந்த பெண்கள் இப்போது புளி உடைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. நாட்றாம்பாளையத்தில் என் வீட்டிலும் மாப்பிள்ளை தயாராக இருக்கிறார், நான் வேலைக்குப் போவதால் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். இறக்கத்தைப் பற்றி வீட்டில் சொன்னால் அடுத்த நாளே என்னை நிறுத்திவிடுவார்கள். அதனால் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனின் மனைவி பிரவீனா அக்காவும் ஓசூரில் வேன் ஏறினார். வாடகையைக் கூட்டிக் கேட்கக் கம்பெனிக்கு வந்திருந்தார். வண்டியின் வரவு செலவெல்லாம் அவர் கையில்தான். முன்சீட்டில் உட்கார்ந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லிட்டானுங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கிறியான்னு கேக்கல. ஏதோ உங்கண்ணன் கெட்டிக்காரரா இருக்கப் போயி வண்டி ஓடுது. லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட எடுக்கறாரு, தெரியுமா? அன்னிக்கி சந்தோசத்துல நாட்டுக்கோழி அடிச்சி கொழம்பு வெச்சேன்."

அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

பக்கத்தில் சுசித்ரா என் காதில் சொன்னாள்: "அக்கா இருக்காங்க இல்ல, இன்னிக்கி ஆஃப் பண்ண மாட்டாரு." எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் டீசல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கோயில் வந்தது. அண்ணன் கும்பிட்டார். சாவியைத் திருப்பினார்.

"என்னங்க, வண்டி நின்னு போச்சா?" என்றார் அக்கா.

"நிக்கல. ஓடுது பாரு."

அக்கா சிரித்தார். பிறகு ஏதோ தோன்றி எங்களைத் திரும்பிப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன்.

மூன்றாவது வளைவில் ராகித்தாள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பழுதாகி ரோட்டை அடைத்து நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வேகம் கொஞ்சம் குறைந்தது. மறுபடி மிதித்தார். இன்ஜின் ஓடாதபோது திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக் கல்லாகிவிடும். அது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணன் சீட்டிலிருந்து எழும்பி முழு உடம்பையும் காலில் போட்டு மிதித்தார். ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. யாரும் கத்தவில்லை. இடது பக்கம் பள்ளம், அதில் மூங்கில் உச்சிகள் தெரிந்தன. செத்தோம் என்றுதான் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

அண்ணன் சாவியைத் திருப்பிக் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வேன் தூக்கிப் போட்டது. என் நெற்றி கம்பியில் மோதியது. இன்ஜின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. வேன் நின்றபோது ராகித்தாள் முன்கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது.

பிரவீனா அக்காவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். அன்று ஒரு பாஷையும் வரவில்லை. இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து வேன் கதவைப் பிடித்தபடி கேட்டார்.

"எத்தன நாளாடி இது? ஒருத்திகூட ஏன் சொல்லல?"

சுசித்ராதான் அழுதுகொண்டே சொன்னாள். "சொன்னா வண்டிய நிறுத்திடுவீங்கக்கா."

நிறுத்த மாட்டேன் என்று அக்கா சொல்லுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார்.

மறுநாள் விடியுமுன் கைப்பையோடு ரோட்டில் நின்றேன். நெற்றி வீக்கத்துக்கு வீட்டில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். வேன் வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. இறக்கத்தில்கூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. கடைசியில் வெளிச்சம் தெரிந்தது. முன்சீட்டில் பிரவீனா அக்கா இருந்தார். ஏறும்போது ஒவ்வொருத்தியிடமும் ஒரே சேதியைச் சொன்னார்.

"இனிமே எறக்கத்துல அவரச் சாவியத் தொட உடமாட்டேன். ஆனா மாசக் கடைசி வரைக்குந்தான் கண்ணு. அதுக்கு மேல டீசல் போட என்னால ஆவாது. வீட்ல சொல்லி வெய்யுங்க."

நான் வீட்டில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் முனியப்பன் கோயில் வந்தது. அண்ணன் கும்பிட்டார். அக்கா சாவியின் மேல் கையை வைத்துக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு வளைவு அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. இந்தச் சத்தத்துக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறோம். இப்போது அது கேட்கக் கேட்க, எங்கள் வேலைதான் டீசலோடு எரிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. கம்பியை விட்டு ஒருத்தியும் கையை எடுக்கவில்லை.