சாப்பிடாத ரொட்டி

கையுறைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, அதே கால்களோடு மறுபடியும் அடுப்பு முன்னால் நிற்பதென்றால் கலாதேவிக்கு உயிரே போய்விடும். ஆனாலும் நின்றாள். கணவன் தனேஸ்வரனின் குடலுக்குக் கோதுமை ஆகாது, துளி போனாலும் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்ன நாள் முதல், குனோங் ராபாட்டில் இருக்கிற அந்த வீட்டுக்குள் கோதுமை நுழைந்ததில்லை. பிஸ்கட்டும் மீ நூடுல்ஸும் சோயா சாஸும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. காலையில் இட்லி, இல்லாவிட்டால் கேழ்வரகுப் புட்டு. இரவில் சோறு, சாம்பார், கீரைப் பொரியல். புரட்டாசி பிறந்ததும் கவிச்சியும் நின்றது.

இவ்வளவு செய்தும் மனுஷன் இளைத்துக்கொண்டே போனான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். பாதி வழியில் வயிறு கலக்கினால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

“வெளிய என்ன சாப்பிட்டீங்க?”

“ஒன்னும் சாப்பிடலலா.”

“பவித்ரன் கடையில உங்க வேனைப் பார்த்தேன்.”

“தே ஓ மட்டும்தான் குடிச்சேன்.”

பவித்ரன் கடை, கோதுமை மாவை வீசிப் போடும் ரொட்டி சானாய்க்குப் பேர்போனது. அங்கே போய்ப் பால் விடாத தே ஓ டீ மட்டும் குடித்தானாம், அதையும் அவள் நம்ப வேண்டுமாம். தினமும் இதே சண்டை. கடைசியில் அவன் கடைக்குப் போவதையே நிறுத்தினான். வயிற்று வலி மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“என்னால முடியலங்க. நான் எதுல தப்பு பண்றேன்னே தெரியல.”

தனேஸ்வரன் குனிந்து கரண்டியை எடுத்து வைத்தான்.

“உனக்குத் தெரியாம ரொட்டி சானாய் சாப்பிட்டேன், கலா. ஆசையா இருந்துச்சு. இனிமே தொட மாட்டேன்லா.”

வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. தன் சமையலில் குற்றமில்லை. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

புரட்டாசி சனிக்கிழமைக்குச் சாமான் வாங்கப் புந்தோங் கடைத்தெருவுக்குப் போனாள். விரத மாதத்தில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அதை ஈடுகட்டப் பெருங்காயத்தைத் தாராளமாகப் போடுவது எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்தே அவள் வீட்டு வழக்கம். வீட்டில் அது தீர்ந்துவிட்டது. வாங்கி வந்ததும் டப்பாவில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுகிறவள் அவள். அன்று கடையில் கூட்டம். வரிசையில் நின்ற அலுப்பில் கையிலிருந்த பெருங்காய உறையின் பொடி எழுத்தைப் படித்தாள். கோதுமை மாவு என்றிருந்தது. இன்னொரு கம்பெனியின் உறையை எடுத்தாள். அதிலும் கோதுமை மாவு.

சாம்பாரில், ரசத்தில், பொரியலில், அத்தனையிலும் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். ஒரு உறைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு விரைந்தாள்.

வீட்டு வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தவனிடம் உறையை நீட்டினாள். அவன் படித்துவிட்டுக் குழாயை மூடினான்.

“அப்போ அந்த ரொட்டி?”

“சாப்பிடல.”

“அப்புறம் ஏன் சாப்பிட்டேன்னு சொன்னீங்க?”

“நீ அழுத அழுகைக்கு வேற என்னத்த சொல்றது?” அவன் துணியைப் பிழிந்தான். “அதுக்கு முன்னாடி நீ ஹுத்தான் மெலிந்தாங்ல தங்கச்சி வீட்டுக்குப் போனீல்ல, அப்ப கடையில வாங்குன வெறும் சோறும் வாழப்பழமும்தான் சாப்பிட்டேன். வயிறு சும்மா இருந்துச்சு. வீட்டுச் சாப்பாட்டுலதான் என்னமோ இருக்குன்னு அப்பவே தெரியும்லா.”

“தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?”

“தட்டை வச்சிட்டு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிப்ப. வேணாம்னு எப்படி சொல்றது?”

அவனை அடிக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. களைத்துப்போன தன் முகத்துக்குப் பயந்துகொண்டு ஒருவன் இத்தனை நாள் வலியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான். எதற்கும் தெம்பில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு நான் சமைக்கலங்க.”

“வேணாம். நான் கஞ்சி வைக்கிறேன்.”

அடுப்பே பற்றவைத்தறியாதவன் வைத்த கஞ்சி அடிப்பிடித்திருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றான். அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“நல்லா இருக்கா?”

நல்லா இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

“இல்லைங்க. உப்பே போடல நீங்க.”