வாபஸ் வாங்க ஓர் ஆள்

அந்த வார்டில் தேர்தல் என்பது மேடையில் முடிகிற காரியம். கவுன்சிலராக இருக்கிற தலைவரை எதிர்த்து இரண்டு மூன்று பேர் மனுப் போடுவார்கள். கடைசி நாளில் வாபஸ் வாங்குவார்கள். தலைவர் அவர்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார். கடிகாரத்துக்குள்ளும் தலைவர்தான் இருப்பார். முள் அவர் மூக்கின் மேல் சுற்றும்.

இந்த முறை வாபஸ் வாங்கக்கூட ஆள் அகப்படவில்லை. சிமெண்ட் குடோனில் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் பேச்சு. ஊர் சேதியெல்லாம் வாயில் வைத்திருப்பதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன், மூட்டை மேல் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

"தலைநகரத்துல சபையே கூட்டலியாம். தலையாட்டாத ரெண்டு நீதிபதிய வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இப்போ வெளியிலேருந்து பார்வையாளருங்க வர்றாங்க. எல்லா வார்டுலயும் போட்டி இருந்துச்சுன்னு அவங்களுக்குக் காட்டணுமாம்."

"உனக்கு யாருடா சொன்னா?"

"லாரி டிரைவர்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"அவன் தலைநகரம் வரைக்கும் போயிட்டு வர்றவன்."

"ரோட்டத்தானே பாத்துட்டு வர்றான், சபையவா பாத்துட்டு வர்றான்?" என்றாள் சிமெண்டக்கா. இருக்கிற சுமைக்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண். மதியத்துக்குள் தலைமுடி முதல் கால்விரல் வரை சாம்பல் நிறமாகிவிடுவாள். அதனால் அந்தப் பெயர். "அது கெடக்கட்டும். போன தடவ நீ வாபஸ் வாங்குனதுக்குக் குடுத்த கடிகாரம் ஓடுதா?"

"கொஞ்ச நாள் ஓடுச்சுக்கா. இப்போ தலைவரு சிரிப்பு மட்டும்தான்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி உள்ளே வந்தார். கூடவே வால் வந்தார். தலைவர் போகிற இடமெல்லாம் பின்னால் போவதால் அவருக்கு அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

வால் நேராக அவளிடம் வந்தார். "தங்கச்சி, உனக்கு ஒரு நல்ல காலம். நம்ம தலைவர எதிர்த்து நீ நிக்கிற."

"நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்?"

"பயப்படாத. சும்மா நிக்கிற. கடைசி நாள் வாபஸ் வாங்குற. கூலிக்காரப் பொம்பளயே நிக்க முடியுது பாருன்னு நாலு பேரு சொல்லுவாங்க."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி வேறெங்கோ பார்த்தார். தினம் காலையில் எல்லாரும் குடோன் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் யாரைப் பார்த்து முகவாயை அசைக்கிறாரோ அவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அந்த ஒரு அசைவில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. குடோன் தலைவருடைய மச்சானுடையது.

"சரிண்ணே," என்றாள்.

மனுவுக்கு வேண்டியதெல்லாம் அவர்களே செய்தார்கள். கட்டணம் கட்டியது அவர்கள். முன்மொழிந்ததும் தலைவருடைய ஆட்களே. தேர்தல் அலுவலகத்தில் வால் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனாவைக் கேட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம், புருஷன் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்ட எழுத்து. மெதுவாகத்தான் வரும். அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை வால் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஆட்கள் அவளிடம் வந்தார்கள். தையல்காரர் கூப்பிட்டு, கடைக்கு முன்னால் சாக்கடை வழிகிறது என்று சொன்னார். "என்கிட்ட ஏண்ணே சொல்றீங்க, நான் வாபஸ் வாங்கப்போறவ" என்றதற்கு, "தெரியும்மா. சொல்றதுக்கு ஒரு ஆள் கெடச்சிருக்கு, சொல்லிக்கிறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள் கூரை ஒழுகுவதைச் சொன்னாள்.

தண்ணீர்க் குழாயில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். அவள் யாருக்கும் இடம் விடுகிறவள் இல்லை.

"ஏக்கா, உண்மையாவே நில்லேன்."

"நின்னா?"

"ஓட்டுப் போடுவேன். ஓட்டு இருக்கு, அட்டை இருக்குன்னு சொல்றாங்க. இந்த வார்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து கவுன்சிலருக்கு ஒரு தடவகூடப் போட்டதில்ல. போட ஆளே விடமாட்டேங்கிறாங்க. எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவ போட்டுப் பாக்கணும்."

"தலைவருக்கே போடுவியோ என்னமோ."

"போட்டாலும் போடுவேன். அது என் இஷ்டம்ல?"

சிமெண்டக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மூட்டை தூக்குகிறவளுக்கு எது கனம், எது கனமில்லை என்று தெரியும். இந்தப் பேச்சு கனமாக இருந்தது.

வாபஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வால் வந்து, மேடையில் பேச வேண்டியதை அவளுக்கு வாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவள் காய் நறுக்கிக்கொண்டே அதைச் சொல்லிப் பார்த்தாள். "அரசியல் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அறியாமையால நின்னுட்டேன். தலைவர் என் கண்ணத் தொறந்தாரு."

பாயில் படுத்திருந்த புருஷன் கேட்டான். "நிக்கச் சொன்னதே அவன்தானே?"

"ஆமா."

"அப்போ யாரோட அறியாம?"

அவள் கத்தியை வைத்தாள். "நாளைக்கு நான் போகலன்னா மேஸ்திரி மறுநாள் வேலை குடுக்கமாட்டாரு."

"குடுக்கமாட்டான்."

"ஒன்னோட மருந்து?"

அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த வசனத்த இன்னொரு தடவ சொல்லாத, கேக்க முடியல" என்றான்.

மறுநாள் மதியம் வரை லாரி வரவில்லை. வந்ததும் வேலையில் இறங்கினார்கள். இரண்டு பேர் மேலே நின்று மூட்டையை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் முதுகில் வாங்கி உள்ளே அடுக்க வேண்டும். பாதி லாரியில் யாரும் விலகக் கூடாது. ஒருத்தர் விட்டால் அவர் பங்கு மற்றவர் முதுகில் ஏறும். அது மேஸ்திரியே போட்ட சட்டம். பிரசவ வலி வந்த பெண்டாட்டியைப் பார்க்கப் போனவனைக்கூட அவர் அந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தார்.

வால் வெளுத்த சட்டையோடு வந்து நின்றார். "தங்கச்சி, கெளம்பு. மூணு மணியோட அலுவலகத்த மூடிருவான். நீயே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"லாரி முடியட்டும்ணே."

சட்டம் தெரிந்ததால் அவர் நிழலில் ஒதுங்கினார். அப்போதுதான் சுமைக்காரர்களுக்கு ஒரு வியாதி வந்தது. மேலே நின்ற ரேடியோவுக்குக் கை வலித்தது. ஒருத்தனுக்குச் செருப்பு அறுந்தது. இன்னொருத்தன் மூட்டையைச் சுமந்துகொண்டே நின்று, தலைநகரத்தில் மழையா என்று டிரைவரிடம் விசாரித்தான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வால் இங்கேயும் அங்கேயும் நடந்ததில் சட்டை சாம்பல் பூத்தது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் மேஸ்திரியே கத்தினார். "இந்தாம்மா, எறக்கி வெச்சிட்டுப் போ. சட்டத்தத் தளர்த்திட்டேன்."

அவள் முதுகில் மூட்டை இருந்தது. உள்ளே போய் அடுக்கிவிட்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். லாரியைச் சாக்காகச் சொல்லி நேரத்தை ஓட்டிவிடலாம். ஆனால் நாளைக்கு, நேரம் தவறித்தான் நின்றுவிட்டாள் என்று இவர்களே சொல்வார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"லாரி முடிஞ்சாலும் வரமாட்டேண்ணே."

"என்னம்மா சொல்ற?"

"வாபஸ் வாங்கமாட்டேன். நிக்கச் சொன்னீங்க, நிக்கிறேன்."

வால் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி லாரியைப் பார்த்தார். "பைத்தியமா நீ? ஜெயிச்சிருவியா?" என்றார் வால்.

"தோத்தா தோக்குறேன். ஓட்டு எண்ணித் தோக்குறேன். ஒரு தடவ எண்ணட்டுமே."

"நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"அத நாளைக்குப் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, ரேடியோவுக்கு முதுகைக் காட்டினாள். ரேடியோவின் கைவலி சட்டென்று குணமாகியிருந்தது. இறக்கிய மூட்டை அவள் முதுகில் தொம்மென்று உட்கார்ந்தது.

மறுநாள் காலை வரிசையில் மேஸ்திரியின் முகவாய் அவளைத் தாண்டிப் போனது. எதிர்பார்த்ததுதான். முகவாய் அசைந்தவர்கள் உள்ளே போகாமல் தயங்கினார்கள்.

"போங்கடா, உங்க பொழப்பக் கெடுத்துக்காதீங்க," என்றாள். "அக்கா, சாயங்காலம் ஓட்டுக் கேக்க நாங்களும் வர்றோம்" என்று ரேடியோ மேஸ்திரி காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மேஸ்திரி முன்னால் போய்க் கும்பிட்டாள். "அண்ணே, உங்களுக்கும் இந்த வார்டுலதான் ஓட்டு. எனக்குப் போடுங்க. நம்ம குடோனுக்கு ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லிக் கேப்பேன். நீங்களும் சந்துக்குள்ளதானே போறீங்க."

மேஸ்திரி முகவாயைத் தடவிக்கொண்டார். அவரிடமும் அதற்கு முன்னால் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

அவள் தெருவில் இறங்கினாள். பகல் முழுக்கக் கைவசம் இருந்தது. முதல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.