சுவரில் ஏறிய டீ செட்

என் நாத்தனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை தெளியும் வரை பொறுமையாக இருந்தேன். நேரம் தவறாமல் சொட்டு மருந்து ஊற்றினேன். இப்படியொரு தம்பி பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதில் அவளைவிட எனக்குத்தான் அவசரம். நேரில் அவளை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் 'அவள்', 'இவள்'தான்.

"புதுசா புத்தர் கோயில் கட்டுறாங்களே, கலர் கலரா இருக்காம். பார்த்துட்டு வரலாமா அண்ணி?" என்றேன்.

"இன்னும் கட்டி முடிக்கலையே. அரைகுறையா எதுக்குப் பார்க்கணும்?"

"இப்பன்னா கூட்டம் இருக்காது. பக்கத்துல போய்த் தொட்டே பார்க்கலாம்."

அதைக் கேட்டதும் கிளம்பிவிட்டாள்.

கோயில் வாசலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. மணல் குவியலுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவே பலகை போட்டு வழி விட்டிருந்தார்கள். உள்ளே பெரிய புத்தர், மார்பு வரை ஆரஞ்சு வண்ணம், அதற்கு மேல் வெறும் சிமெண்ட், தலையில் தார்ப்பாய். சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது. சுவரெல்லாம் பூவும் இலையும் பறவையுமாக உடைந்த பீங்கான் துண்டுகள். யார் வீட்டில் தட்டு, கோப்பை மிஞ்சினாலும் இங்கே கொண்டுவந்து கொடுக்கலாம். உடைத்துப் பதித்துவிடுவார்கள்.

"எனக்கு இத்தனை நாளா எல்லாமே மஞ்சளாத்தான் தெரிஞ்சுது," என்றாள் நாத்தனார். "இது எவ்வளவு நீலம் பாரு."

பார்க்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அவளுடைய டீ செட்டும் நீலம்தான். ஊதாப் பூ, தங்க விளிம்பு, மூடியில் ரோஜா மொட்டு மாதிரிக் குமிழ் வைத்த கெட்டில். பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். அவளுடைய சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் அது வெளியே வரும். ஒருமுறை அவர்கள் உட்கார்ந்திருந்தபோது என் அப்பா வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் தங்க விளிம்புக் கோப்பையில் டீ. அப்பாவுக்கு மட்டும், வெள்ளையடிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் காது உடைந்த பிளாஸ்டிக் கப். ட்ரேயில் இன்னும் இரண்டு கோப்பை காலியாக இருந்தது. அப்பா கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே குடித்தார். "டீ நல்லாருக்கும்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவேயில்லை. வா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆபரேஷனுக்காக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சாவி என் கைக்கு வந்தது. மொத்த செட்டையும் பையில் போட்டு இங்கே தூக்கி வந்தேன். பீங்கான் பதிக்கிற பெண்ணை எல்லோரும் பூக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் சுத்தியலைக் கொடுத்து, "கோணிக்குள்ள போட்டு அடிங்க, கண்ணுல தெறிக்கும்" என்றாள். எனக்குக் கோணி வேண்டாம். ஒவ்வொன்றும் உடைவதை நான் பார்க்க வேண்டும். உடைக்க உடைக்க அப்படியொரு ஆனந்தம். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். அவள் திரும்பி வந்ததும் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்தத் துண்டுகளைப் பதித்த சுவருக்கு அவளை அழைத்துப் போனேன். ஆள் உயரத்தில் ஒரு தாமரை. பூக்காரி பக்கத்தில் நின்று இடுக்கியால் துண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நாத்தனார் இதழ்களைத் தடவினாள். "அட, நம்ம செட்டு மாதிரியே இருக்கு. ஆனா நம்மளுது இதைவிட உசத்தி."

"நல்லாப் பாருங்க அண்ணி. நடுவுல பாருங்க."

தாமரையின் நடுவில் அந்த ரோஜா மொட்டுக் குமிழ் இருந்தது. அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. கை தானாக இடுப்புச் சாவியைத் தேடியது. அவள் முகம் வெளுத்துப் போவதை வெகுநேரம் பார்த்தேன். அதற்காகத்தானே சொட்டு மருந்து ஊற்றினேன்.

"இது என்னோடது," என்றாள்.

"ஆமா. நான்தான் உடைச்சேன். ஒண்ணு விடாம."

"ஏன்? நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"எங்கப்பாவுக்கு நீங்க எதுல டீ குடுத்தீங்க?"

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. "உங்கப்பாவா? அவரு நம்ம வீட்டுக்கு வந்திருக்காரா? எப்ப?"

பொய் சொன்னால் அவள் குரல் ஒரு படி ஏறும். இப்போது ஏறவில்லை. நிஜமாகவே யோசித்தாள். யோசித்தும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் குடித்த எந்த டீயும் நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியதில்லை. இவளோ அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நிற்கிறாள். நான் உடைத்ததெல்லாம் வெறும் பீங்கான். எதற்காகப் போயிற்று என்று தெரியாமலே இவள் அதற்காக அழுவாள், ஊரும் இவள் பக்கம்தான் பேசும்.

"தலை சுத்துது. வீட்டுக்குப் போலாம்," என்று திரும்பினாள்.

மணிக்கட்டைப் பிடித்து ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார வைத்தேன். பூக்காரி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சாரத்தின் மேலிருந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஞாபகமில்லன்னா பரவாயில்ல அண்ணி, நான் சொல்றேன். உங்க வீட்டுக்கு வரணும்னே எங்கப்பா புதுசா ஒரு சட்டை தச்சிருந்தாரு. வெள்ளைச் சட்டை. பஸ்ல கசங்கிடும்னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, பழைய சட்டையோட வந்தாரு. பஸ் ஸ்டாண்டு குழாயில மூஞ்சி கழுவி அங்கேயே மாத்திக்கிட்டாரு. அங்கேருந்து நடந்துதான் வந்தாரு..."

"புரியுதும்மா. நான் பண்ணது தப்புதான். கையை விடு," என்று எழப் பார்த்தாள்.

நான் விடவில்லை.

"உக்காருங்க. அவரு இன்னும் நம்ம தெருவுக்கே வரல."