கேட் கீப்பர் மூன்றாம் பாகம்

இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்திய மனுஷனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது. இன்று காலையில்கூடப் பால் பொங்கி வழிவதை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் தொலைதூரப் பஸ் டிரைவர். சாயங்காலம் கிளம்பினால் விடிகிறபோது வேறு ஊரில் இருப்பார். சாப்பாடு, தூக்கம், சினிமா வாக்குவாதம், இந்த மூன்றும் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. முதல் இரண்டைக்கூடத் தேவைப்பட்டால் விட்டுக்கொடுப்பார். மூன்று பாகமாக வந்த படங்களில் உலகத்திலேயே சிறந்தது எது என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போதும், மனுஷன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான். "கேட் கீப்பர். மத்ததெல்லாம் ஒரு படமா?"

ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிற ஒருவரும் அவருடைய ஒரே மகளும்தான் கதை. முதல் பாகத்தில் மகள் குழந்தை. இரண்டாம் பாகத்தில் வளர்ந்து, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, அவர் கொடி காட்டி அனுப்புகிற அதே ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள். மூன்றாம் பாகம் முழுக்க அவர் காத்திருக்கிறார். கடிதம் போடமாட்டார், ஆள் அனுப்பமாட்டார். கடைசியில் மகள் தானாகத் திரும்பி வந்து, "அப்பா, நான் வந்துட்டேன்பா" என்கிறாள். அவ்வளவுதான் படம். எல்லாம் இவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நான் பார்த்ததில்லை. எங்கள் பாப்பா வீட்டைவிட்டுப் போன பிறகு அந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாப்பா எங்களுக்கு ஒரே பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த பையனையே கல்யாணம் செய்துகொண்டு ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். இவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாற்காலியில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர், திரும்பவே இல்லை. அவர்கள் எவ்வளவு நேரம்தான் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? போய்விட்டார்கள். அவள் எனக்கு மட்டும் போன் செய்வாள். அது இவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பார், அதுவும் மட்டமான நடிப்பு.

வருகிற வியாழக்கிழமை பாப்பாவும் மாப்பிள்ளையும் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று சேதி வந்தது. போனால் எப்போது திரும்புவார்களோ. "அப்பா ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும்மா, ஓடி வந்துடறேன். மறுபடி அந்த முதுகைப் பாத்துட்டு நிக்க என்னால முடியாது" என்றாள். இவரிடம் சொன்னேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன். சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தும் பார்த்தேன்.

"கேட் கீப்பர் கூப்பிட்டானா?" என்றார். "வாயைத் திறக்காம காத்திருந்தான். மக தானா வந்தாளா இல்லையா? அவன் அப்பன்டி."

இந்தப் பதிலை அப்படியே பாப்பாவிடம் சொன்னேன். அவள், "அந்தப் படத்தைப் பாத்த மனுஷன் இப்படிச் சொல்றாராம்மா? அவ்வளவு கல்நெஞ்சா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தில்தான் மகள் திரும்பி வந்துவிடுகிறாளே, இதில் கல்நெஞ்சு எங்கே வந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுப்பது அவன் வேலை. எங்கள் பழைய டிவியில் எல்லார் முகமும் பச்சையாகத் தெரிகிறது என்று புதிதாக ஒன்றை வேனில் எடுத்து வந்திருந்தான். பழையது கூடத்து மூலையில், இவர் நாற்காலிக்குப் பின்பக்கம் இருந்தது. படம் ஓடும்போதும் இவர் ஜன்னல் வழியாகத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ரோட்டையே பார்த்துப் பழகிய கண் என்று நானும் விட்டுவிட்டேன். தம்பி மூலையைத் தடவிப் பார்த்து, "இந்தச் சுவத்துல ஈரம் இருக்கு அக்கா" என்று சொல்லி, ஜன்னலை ஒட்டினாற்போல எதிர்ச்சுவரில் துளை போட்டு மாட்டினான். இவர் நாற்காலியில் உட்கார்ந்தால் இனி டிவியைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

கடைசித் திருகைத் திருகும்போதே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. தம்பி விண்கலப் படக் கட்சி. அதுவும் மூன்று பாகம்.

"மாமா, மூணு பாகமும் ஒண்ணுக்கொண்ணு சளைக்காம நிக்கணும். உங்க கேட் கீப்பர் ரெண்டாம் பாகம் ஒரே இழுவை."

"ரயில் வர்ற வரைக்கும் இழுக்கத்தான்டா செய்யும், மாப்ள. உன் படத்துல என்ன இருக்கு? டமால் டுமீல்னு காது கிழியுது."

"கண்ணைத் தொறந்து பாருங்க மாமா, அந்த கிரகத்தை எப்படிக் காட்டியிருக்கான்!"

"படத்துக்குக் கண்ணு எதுக்குடா? வசனம் வேணும். கேட் கீப்பர்ல அந்தக் கடைசி சீன் ஒண்ணு போதும். அதுக்கு அழாதவன் மனுஷனே இல்ல."

"அதை ஒத்துக்கறேன் மாமா. அதுக்கு நானே தேம்பித் தேம்பி அழுதேன்."

இப்படித்தான் ஊரே இவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறது. பஸ் டெப்போவில், டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே பேசினாலும் அந்தக் கடைசிக் காட்சிக்கு வந்ததும் எல்லாரும் தலையாட்டுவார்கள். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இரண்டு படத்திலும் மூன்றாம் பாகத்தின் கடைசிப் பகுதியைப் போடுவது, அக்கா தீர்ப்பு சொல்வது என்று முடிவானது. நான் என் தீர்ப்பை அப்போதே எழுதிவிட்டேன். கேட் கீப்பரைத் தோற்கடித்து, மண்ணைக் கவ்வ வைத்து, அதைக் காட்டி இவர் பேசுகிற பேச்சுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். விண்கலத்தில் என்ன கருமம் இருந்தாலும் அதுதான் சிறந்தது என்று சொல்லப் போகிறேன். வெங்காயக் கையோடு வந்து உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு மரியாதை என்று கேட் கீப்பரை முதலில் போட்டான் தம்பி. தண்டவாளம் ஓரத்தில் சின்ன வீடு. ஒல்லியாக, கன்னம் ஒட்டிப்போன, நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர், இருமிக்கொண்டே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்றார் இவர்.

"எது மாமா?"

"இந்த நோஞ்சான் ஆளு. வேலைக்காரனா?"

தம்பி சிரித்தான். "மாமா, அவர்தான் கேட் கீப்பர்."

"போடா. கேட் கீப்பர் ஆறடி ஆளு. என்ன குரல்டா அது!"

அந்தக் கிழவர் வாயைத் திறந்தார். கணீரென்று ஒரு குரல் வந்தது. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"ஏங்க," என்றேன், "நீங்க இந்தப் படத்தைப் பாத்ததே இல்லையா?"

"என்னடி கேள்வி? நூறு தடவை என் வண்டியில ஓடியிருக்கு."

"உங்க வண்டியில டிவி எங்க இருக்கு?"

"என் தலைக்குப் பின்னாடி. சனங்களைப் பாத்த மாதிரி." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "வண்டி ஓட்டறவன் திரும்பியா பாக்க முடியும்? ஸ்பீக்கர் என் உச்சந்தலையிலதான் இருக்கு. ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கேன். டெப்போவுல எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான்."

எத்தனை பேரோடு எத்தனை சண்டை! நடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், முகபாவத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஒரு தடவை கேமராவைப் பற்றிக்கூட ஒருவரோடு கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறார். எல்லாம் காதால் பார்த்த படம்.

தம்பி இப்போது சிரிக்கவில்லை. "மாமா," என்றான் மெதுவாக, "கடைசி சீன்ல என்ன நடக்குதுன்னு நினைக்கறீங்க?"

"நினைக்கறதென்ன? மக வந்து கதவைத் தொறக்கறா. அப்பா நான் வந்துட்டேன்பாங்கறா. அவன் ஒண்ணும் பேசல. என்னத்தப் பேசறது, கட்டிப்பிடிச்சு அழறாங்க. அப்புறம் ரயில் வருது. அழுதுக்கிட்டே போயி கொடி காட்டறான். ரயில் சத்தத்தோட படம் முடியுது."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "போதும் மாமா. அக்கா, விண்கலத்தைப் போட்டுடலாம்" என்று ரிமோட்டை எடுத்தான். எதற்கு இந்த அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. இவர் ஆசை ஆசையாகக் கேட்ட ஒன்றை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டுமே என்று ரிமோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜல்லியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு கிரீச்சிட்டது. மகள் உள்ளே வந்தாள். "அப்பா, நான் வந்துட்டேன்பா" என்றாள். இவர் உதடும் கூடவே அசைந்தது.

வீட்டில் யாரும் இல்லை. கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். ஆணியில் அந்த நீலச் சட்டை தொங்கியது. தோளில் தூசி படிந்திருந்தது. மகள் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ரயில் வந்தது. ஜன்னல் வழியாக, முன்பின் பார்க்காத ஒரு வாலிபன் பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரயில் போய்க்கொண்டே இருந்தது. மகள் வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். படம் முடிந்துவிட்டது.

பாப்பா சொன்ன கல்நெஞ்சு அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு முடிவு தெரியும், தெரிந்தே கூப்பிடாமல் இருக்கிறார் என்று அந்தப் பெண் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கும்வரை என் முகத்தில் விழிக்காதே என்றல்லவா அது அவள் காதில் விழுந்திருக்கும்!

"கொடி பிடிச்சிருக்கறவன் யாரு?" என்றார் இவர். பேயறைந்த மாதிரி இருந்தார்.

"புதுசா வேலைக்கு வந்தவன், மாமா."

"அப்ப அவன் எங்க?"

தம்பி தலையைக் குனிந்தபடி என் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டான்.

"மறுபடி போடு" என்றார். போட்டான். மெத்தை, சட்டை, கொடி, எல்லாவற்றையும் எழுந்து கிட்டப்போய் நின்று பார்த்தார். அந்தச் சட்டையின்மேல் விரலை வைத்தார். புது டிவியின் கண்ணாடியில் அவர் விரல் ரேகை பதிந்தது. "அவ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டானாடா?" என்று யாரிடமோ கேட்டார். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இந்த வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இவர் காதில் ஏறவில்லை. ஒரு தூசி படிந்த சட்டை ஏறிவிட்டது.

போனை எடுத்தார். பாப்பாவின் நம்பரை மனப்பாடமாக அடித்தார், திருட்டு மனுஷன். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"அப்பா?" என்றாள் பாப்பா. அந்த ஒரு சொல்லிலேயே பதறிவிட்டாள். "என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

இவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கண்ணீர் மட்டும் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பேசுங்கப்பா. கோவமா? திட்டறதுக்காவது பேசுங்க."

நான் போனைப் பிடுங்கினேன். "பாப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. கோவமும் இல்ல. அப்பா அழறாருடி. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்பாவா?"

"கேட் கீப்பர் மூணாம் பாகம் பாத்தாரு."

"அதைத்தான் எத்தனையோ தடவை பாத்திருக்காரேம்மா."

"இல்லடி. இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறாரு. இத்தனை நாளும் வண்டி ஓட்டிக்கிட்டே காதுல கேட்டதுதான். அந்த மக வரும்போது அப்பா வீட்டுல இருக்கான்னே நினைச்சுக்கிட்டிருந்தாரு."

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. இவர் முகம் வெளிறிவிட்டது. என் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்து வாயருகே இழுத்தார்.

"பாப்பா, பேசாம இருக்காதம்மா. நீ பேசாம இருந்தா நான் தப்பாத்தான் புரிஞ்சுக்குவேன். உன் முகத்தைக் காட்டு."

திரை ஒரு நொடி கறுத்து, பிறகு பாப்பாவின் முகம் வந்தது. மூக்கெல்லாம் சிவந்து, கலைந்த தலையோடு, பின்னால் பாதி கட்டிய பெட்டிகள். "கிளம்பி வரட்டுமாப்பா?" என்றாள்.

"நீ வராத. அங்கேயே இரு. அப்பா வர்றேன்."

தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. தம்பி வேனை எடுத்தான். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் ஊர் போய்ச் சேரும்வரை என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்கவே இல்லை.